காவிரிக் கரையோரம் ஒரு நாள்: மேட்டூரிலிருந்து கரூர் வரை பேருந்தில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிற மாதிரி ஒரு பயணம் நம்ம பக்கம் இருக்கிறதா என்று கோவை, திருப்பூர் நண்பர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. மேட்டூரில் ஏறி பவானி, ஈரோடு, கொடுமுடி வழியாகக் கரூரில் போய் இறங்கினால், ஏறத்தாழ 115 கிலோமீட்டர் காவிரியின் வலது கரையோடு வரலாம். தனி வண்டி பிடிக்க வேண்டாம், சுற்றுலா நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டாம். நாள்தோறும் ஓடுகிற சாதாரணப் பேருந்துகளே போதும். கிளம்பும் முன் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கடலே இல்லாத கொங்கு நாட்டில் கரையோரப் பயணம் எப்படி?

கொங்கு நாட்டின் எல்லையைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று உண்டு. வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூர், மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை என்று அது நான்கு பக்கமும் கல் நடுகிறது. பெரும்பாலை மேட்டூருக்கு வடக்கே உள்ள ஊர். குளித்தலை கரூருக்குக் கிழக்கே. ஆக, நம் பயணம் வடக்கு எல்லைக்குப் பக்கத்தில் தொடங்கி, கிழக்கு எல்லைக்குப் பக்கத்தில் முடிகிறது. இரண்டையும் இணைப்பது காவிரி.

இந்தக் கரையில் சேரர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. தேவாரம் பாடிய கொங்குத் தலங்கள் ஏழில் பவானி, கொடுமுடி, கரூர் மூன்றும் இந்தச் சாலையிலேயே வந்துவிடுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. 1934இல் கட்டி முடித்த அணையும், அதற்குப் பிறகு வரிசையாக வந்த கதவணைகளும் இருக்கின்றன. ஓடுகிற ஆற்றை நிறுத்தி, திருப்பி, பங்கு போட்டு வாழ்ந்த மக்களின் கதை இது. மேலிருந்து கீழே ஆற்றோடு சேர்ந்து வரும்போதுதான் அந்தக் கதை வரிசையாகப் புரியும். அதனால்தான் மேட்டூரில் தொடங்கச் சொல்கிறேன்.

உண்மையிலேயே ஒரே நாளில் முடியுமா?

முடியும், காலையில் சீக்கிரம் கிளம்பினால். வண்டியில் உட்காரும் நேரம் மொத்தம் நான்கு மணி நேரம் சொச்சம் ஆகும். மேட்டூரிலிருந்து பவானி 35 கிலோமீட்டர் போல இருக்கும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பவானியிலிருந்து ஈரோடு 15 கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசல் உண்டு. ஈரோட்டிலிருந்து கொடுமுடி 40 கிலோமீட்டர், அங்கிருந்து கரூர் 26 கிலோமீட்டர் அளவில் வரும்.

கோயில்கள் நண்பகல் தாண்டி நடை சாத்திவிட்டு மாலை 4 மணிவாக்கில் திறப்பது வழக்கம். இதை மனதில் வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். விடிந்ததும் மேட்டூர், 10 மணிக்குள் பவானி, மதியச் சாப்பாட்டுக்கு ஈரோடு, 4 மணிக்குக் கொடுமுடி, இருட்டும் முன் கரூர். இந்தக் கணக்கு சரியாக வரும்.

கோவையிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ அன்று காலையில் கிளம்பி மேட்டூர் போய்த் தொடங்குவது கஷ்டம். முந்தின நாள் இரவே மேட்டூரில் தங்கிவிடுங்கள். இல்லை என்றால் மேட்டூரை விட்டுவிட்டுப் பவானியில் தொடங்குங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று ஓடினால் ஒன்றையும் பார்த்த நிறைவு இருக்காது.

காரில் போனால் வசதிதானே?

வசதிதான். ஆனால் ஆறு தெரியாது. கரையோரம் வேலியும் கரும்பும் வாழையும் காரின் சன்னலை மறைத்துவிடும். பேருந்து இருக்கையின் உயரத்தில் உட்கார்ந்தால் அதற்கு மேலே பார்வை போகும், தண்ணீர் தெரியும். இன்னொன்று, கார் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டிய கட்டாயம் இல்லை. மேட்டூரில் ஏறினவர் கரூரில் இறங்கி அப்படியே ஊருக்குப் போகலாம்.

பக்கத்தில் உட்காருகிறவர்களும் ஒரு காரணம். அம்மாபேட்டையில் பூக்கூடையோடு ஏறும் அக்காவோ, கொடுமுடிக்குத் தீர்த்தம் எடுக்கப் போகும் பெரியவரோ, "எந்த ஊருங்க?" என்று தொடங்கினால் போதும். ஆற்றில் இந்த வருசம் எப்போது தண்ணீர் வந்தது, வாய்க்கால் எப்போது அடைத்தார்கள், மஞ்சள் என்ன விலை போகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

இடப்பக்கம், கடைசி வரைக்கும். நாம் வலது கரையில் கீழ்நோக்கி வருவதால் ஆறு எப்போதும் நமக்கு இடக்கைப் பக்கம்தான் இருக்கும். காலையில் அந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நகரப் பேருந்துகளில் இடப்பக்க இருக்கைகள் பெரும்பாலும் மகளிருக்கு என்று எழுதியிருக்கும். ஆண்கள் பின்வரிசைச் சன்னலைப் பிடிப்பது நல்லது.

மேட்டூரிலிருந்து கரூருக்கு ஒரே வண்டி வேண்டாமா?

வேண்டாம். இறங்கி இறங்கிப் போவதுதான் இந்தப் பயணத்தின் பயனே. மேட்டூர்–ஈரோடு வண்டிகள் பவானி வழியாகப் போகின்றன. பவானியில் இறங்கினால் ஈரோட்டுக்கு அடுத்த வண்டி வருவதற்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஈரோட்டிலிருந்து கரூர் வண்டியில் ஏறினால் கொடுமுடியில் இறங்கலாம். வண்டி ஊருக்குள் நிற்குமா, பிரிவில் நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணா, கொடுமுடி கோயில் பக்கம் நிக்குங்களா?" என்று கேட்டால் இடம் வந்ததும் அவரே கூப்பிட்டு இறக்கிவிடுவார்.

2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நீண்ட தூர வண்டிகளுக்கும் தனியார் வண்டிகளுக்கும் அது பொருந்தாது. சில்லறை வைத்திருங்கள்.

மேட்டூரில் எதைப் பார்ப்பது?

அணையை. 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. "மேட்டூர் அணை நீர்மட்டம்" என்று நாளிதழில் வரும் அந்தச் சிறு பெட்டியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுவரை நேரில் பார்ப்பதே பெரிய விசயம். டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12இல் மதகைத் திறப்பது மரபு. தண்ணீர் இல்லாத வருசங்களில் தேதி தள்ளிப்போகும்.

அணை நிறைந்து உபரி நீர் போகும் நாளாக இருந்தால் 16 கண் மதகுப் பக்கம் போய்ப் பாருங்கள். வேறு எதையும் பார்க்க நேரமில்லாமல் போனாலும் பரவாயில்லை. மற்ற நாட்களில் அணைப் பூங்காவில் ஒரு மணி நேரம் போதும்.

அணை கட்டியபோது ஊர்கள் மூழ்கின, மக்கள் இடம் பெயர்ந்தார்கள். நீர்மட்டம் நன்றாகக் குறையும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே தலை காட்டும். அது அணைக்கு மேற்புறம், நம் பாதையில் வராது. ஆனாலும் பேருந்தில் உட்காரும் முன் அந்த ஊர்களை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தஞ்சாவூர் வயலுக்கு வேளையோடு தண்ணீர் கிடைக்க, இங்கே யாரோ வீட்டை விட்டுப் போயிருக்கிறார்கள்.

மேட்டூர்–பவானி சாலையில் சன்னல் வழியாக என்ன தெரியும்?

என்னைக் கேட்டால் பயணத்திலேயே அழகான பகுதி இதுதான். நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை, சிங்கம்பேட்டை என்று ஊர்கள் வரும். வலப்பக்கம் தூரத்தில் மலைத்தொடர், இடப்பக்கம் ஆறு. ஆறு ஓடுவதாகவே தெரியாது, ஏரி போல அகலமாக நிற்கும். காரணம் கதவணைகள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு இடங்களில் ஆற்றை மறித்து, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவுக்கு நிலையம் வைத்திருக்கிறார்கள். மேட்டூரில் விடும் அதே தண்ணீர் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேங்கி, சுழலியைச் சுற்றிவிட்டு அடுத்த படிக்கு இறங்குகிறது. கோடையிலும் இந்தப் பகுதியில் ஆறு வற்றிப்போனதாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கினால் அக்கரைக்கு விசைப்படகு உண்டு. எதிர்க்கரை பூலாம்பட்டி. இக்கரை ஈரோடு மாவட்டம், அக்கரை சேலம் மாவட்டம். வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் வண்டியோடு படகில் ஏறுவார்கள். நேரம் இருந்தால் போய்த் திரும்புங்கள். நெல்லும் தென்னையும் தண்ணீரும் சேர்ந்து தெரிவதால் பூலாம்பட்டியைக் குட்டிக் கேரளா என்கிறார்கள். நம் ஊர் அழகுக்கு அடுத்த ஊர்ப் பெயர் எதற்கு என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பவானியில் எவ்வளவு நேரம் வைப்பது?

குறைந்தது இரண்டு மணி நேரம். நீலகிரிப் பக்கமிருந்து வரும் பவானி ஆறு இங்கே காவிரியில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அமுத நதி ஒன்றும் சேர்வதாக நம்பிக்கை, அதனால் முக்கூடல். ஊரார் கூடுதுறை என்பார்கள். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் சங்கமேசுவரர் கோயில் இருக்கிறது. சம்பந்தர் இதைத் திருநணா என்று பாடியிருக்கிறார்.

கோயிலுக்குள் வேதநாயகி அம்மனுக்குக் கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ கொடுத்த தந்தக் கட்டில் உண்டு. அதில் 1804 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. ஒரு மழை இரவில் சிறுமி ஒருத்தி வந்து அவரை எழுப்பி வெளியே அழைத்துவந்தாள், அடுத்த நொடியே அவர் தங்கியிருந்த மாளிகை இடிந்து விழுந்தது, அந்த நன்றிக்கு அவர் கொடுத்த கட்டில் இது என்று சொல்லிவருகிறார்கள். அவர் வெளியில் நின்று அம்மனைப் பார்ப்பதற்காகச் சுவரில் போட்ட துளைகளையும் காட்டுவார்கள்.

ஆடி 18 அன்று போனால் வேறு ஊர் போல இருக்கும். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, முளைப்பாரி, புதுமணத் தம்பதிகள் என்று படித்துறை முழுக்கக் கூட்டம். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, ஆனால் அன்று கரூர் வரை போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பவானி ஜமக்காளம் வாங்க விரும்பினால் கூட்டுறவுச் சங்கக் கடையில் பாருங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. கைத்தறியில் நெய்ததா என்று கேட்டு வாங்குங்கள். கைத்தறி ஜமக்காளம் கனமாக இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு மீதிப் பயணம் போக வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

காளிங்கராயன் வாய்க்காலை எங்கே பார்க்கலாம்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டியே போய்விடுகிறார்கள். பவானியிலிருந்து ஈரோடு போகும் வண்டி பவானி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வருவது காளிங்கராயன்பாளையம். ஆறு காவிரியில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அதைக் குறுக்கே மறித்து, காளிங்கராயன் என்ற கொங்கு நாட்டுத் தலைவர் கட்டியதுதான் காளிங்கராயன் அணை. அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போய், கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறையில் நொய்யலில் சேர்கிறது. பாசனம் 15,000 ஏக்கருக்கு மேல். வெட்டி முடித்தது 13ஆம் நூற்றாண்டில், 1283ஆம் ஆண்டு என்று சொல்வார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் வாய்க்கால் நேராகப் போகாது, வளைந்து வளைந்து போகும். நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரித்திருக்கும், பாயும் நிலமும் குறைந்திருக்கும். மேட்டைச் சுற்றி, பள்ளத்தை ஒதுக்கி, சரிவை மெல்ல மெல்ல இறக்கிக் கொண்டுபோனதால்தான் அத்தனை ஊருக்கும் தண்ணீர் எட்டியது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் மட்டம் பார்த்தவர்கள் யார் என்று யோசிக்க வைக்கும். ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழி காட்டியது என்று ஊரில் கதை இருக்கிறது.

அதைவிட மனதைத் தொடுவது இன்னொரு செய்தி. தன் குடும்பத்து நிலத்துக்காகத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, காளிங்கராயன் தன் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள் என்று உறுதி சொல்லி, குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்கிறார்கள். தை 5ஆம் நாளை உழவர்கள் காளிங்கராயன் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அணைக்குப் போக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு ஈரோடு வரைக்கும் எங்கெங்கே வாய்க்கால் குறுக்கிடுகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஈரோட்டில் நிற்க வேண்டுமா?

சாப்பிட நிற்க வேண்டும். கறி சாப்பிடுகிறவர்கள் பள்ளிபாளையம் சிக்கன் கேளுங்கள். பள்ளிபாளையம் பாலத்துக்கு அக்கரையில் உள்ள ஊர். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்குவது, மசாலாப் பொடி சேர்க்காமல் செய்தால்தான் அது பள்ளிபாளையம். சைவமென்றால் அரிசிம்பருப்பு சாதம் கிடைக்கும் சிறிய மெஸ்ஸாகப் பாருங்கள், நெய் விட்டுக் கேளுங்கள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் கருங்கல்பாளையம். மாட்டுச்சந்தைக்குப் பேர்போன இடம். 1921 ஜூலை 31 அன்று இங்கிருந்த வாசகசாலையில்தான் பாரதியார் "மனிதனுக்கு மரணமில்லை" என்று பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். நூலகம் இன்றும் இருக்கிறது. ஆற்றுக்கு நடந்து போகும் தூரத்தில், வீடுகளுக்கு நடுவே சாதாரணமாக இருக்கும். தமிழ் வாசிக்கிற யாரும் அங்கே ஐந்து நிமிடமாவது நிற்காமல் போகக் கூடாது என்பேன்.

பெரியார் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அரசு அருங்காட்சியகமும் உண்டு. இரண்டையும் இந்த நாளில் அடைக்க வேண்டாம், ஈரோட்டுக்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள்.

ஆற்றுக்கு நடுவில் ஒரு கோயில் இருக்கிறதாமே?

நட்டாற்றீசுவரர் கோயில். ஈரோடு–கரூர் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து காங்கேயம்பாளையம் போக வேண்டும். காவிரிக்கு நடுவே பாறைத் திட்டில் இருக்கிறது. அகத்தியர் மணலில் பிடித்த லிங்கம் என்பது தலக்கதை. பிரதான சாலையிலிருந்து தள்ளி இருப்பதால் பேருந்துப் பயணத்தில் சேர்ப்பது சிரமம். ஆட்டோ கிடைத்தால் போகலாம், கொடுமுடியில் ஒரு மணி நேரம் குறையும்.

கொடுமுடியின் சிறப்பு என்ன?

மேட்டூரிலிருந்து தெற்கே இறங்கி வந்த காவிரி இங்கே கிழக்கே திரும்புகிறது. படித்துறையில் நின்று மேலும் கீழும் பார்த்தால் அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியும். மகுடேசுவரர் கோயிலில் சிவன், பெருமாள், பிரமன் மூவரும் இருக்கிறார்கள். பிரமனுக்கு இடம் வன்னி மரத்தடி. ஆதிசேடனும் வாயுவும் பலப்பரீட்சை நடத்தியபோது மேருவிலிருந்து சிதறிய மணிகளில் வைரம் விழுந்த இடம் இது என்பது தலக்கதை.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்று சுந்தரர் பாடியது இங்கேதான். அந்த வரியை இந்தப் படித்துறையில் யாராவது பாடக் கேட்டால், தேவாரம் தெரியாதவர்களுக்கும் அது நினைவில் நிற்கும். பங்குனியில் பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் இங்கிருந்து காவிரித் தீர்த்தம் கொண்டுபோவார்கள். குடத்தில் வன்னி இலை போடுவது வழக்கம். அந்த நாட்களில் ஊருக்குள் தாரை தப்பட்டை ஓயாது.

கே.பி. சுந்தராம்பாள் 1908இல் பிறந்த ஊரும் இதுதான். நாடக மேடையிலிருந்து திரைக்குப் போய், 1951இல் சட்டமேலவை உறுப்பினரும் ஆனவர். அந்தக் குரல் இந்தக் காவிரிக் கரையில் கிளம்பியது என்பது எங்களுக்கெல்லாம் பெருமை.

புகலூர்க் கல்வெட்டைப் பார்க்க நேரம் கிடைக்குமா?

பகல் நீளமான மாதங்களில் கிடைக்கும். மார்கழி, தையில் சீக்கிரம் இருட்டிவிடும், அப்போது முயல வேண்டாம். கொடுமுடி தாண்டி நொய்யல் ஆறு காவிரியில் சேரும் இடத்தைக் கடந்தால் புகலூர், வேலாயுதம்பாளையம். வேலாயுதம்பாளையம் வழியாகப் போகும் வண்டிதானா என்று கேட்டு ஏறுங்கள். ஊரை ஒட்டி ஆறுநாட்டார் மலை இருக்கிறது. மேலே முருகன் கோயில். மலையில் உள்ள குகைத்தளங்களில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளும், அருகே தமிழ் பிராமி எழுத்துகளும் உள்ளன.

அதில் ஒன்று, ஆற்றூர்ச் செங்காயபன் என்ற சமணருக்காக வெட்டிக் கொடுத்த இடம் என்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர் அதில் வரிசையாக வருகிறது. இளங்கடுங்கோ இளவரசனானபோது வெட்டியது. சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட அரச மரபு கல்லில் இருப்பதால், ஆய்வாளர்கள் இதைப் பொக்கிஷமாக மதிக்கிறார்கள். இன்னொரு கல்வெட்டில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்று ஒருவர் பெயர் இருக்கிறது. அரசன் பெயரைவிட எனக்கு இவர் பெயர் பிடிக்கும். பக்கத்து ஊரில் பொன் வியாபாரம் செய்த ஒருவர், முனிவர்களுக்கு இடம் செய்து கொடுத்து, தன் பெயரையும் ஊரையும் தொழிலையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எழுத்தைத் தொடாதீர்கள், சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள். சாய்வான மாலை வெளிச்சத்திலேயே எழுத்து தெளிவாகத் தெரியும்.

கரூரில் என்ன இருக்கிறது?

அமராவதியும் பசுபதீசுவரர் கோயிலும். சங்க காலத்துக் கருவூர் இது. சேரர் தலைநகரான வஞ்சி இதுவா, கேரளக் கரையில் உள்ள ஊரா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டிருக்கிறார்கள். கிரேக்க நிலவியலாளர் தாலமி, சேர மன்னரின் ஊராகக் கரூரா என்பதைக் குறித்திருக்கிறார். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மேலைக் கடற்கரை முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக, நொய்யல் கரைக் கொடுமணலைத் தொட்டுக் கருவூர் வந்து, கிழக்கே காவிரியோடு பூம்புகார் வரை போயிருக்கிறது. கடல் இல்லாத நம் நாடு இரண்டு கடலுக்கும் நடுவே வழியாக இருந்திருக்கிறது. அருங்காட்சியகத்தைப் பார்க்க விரும்பினால் மாலை மூடும் முன் போக வேண்டும், அதற்குக் கொடுமுடியைச் சுருக்க வேண்டியிருக்கும்.

மாலைச் சிற்றுண்டிக்குக் கரூர் கரம் கேட்டு வாங்குங்கள். பொரியில் காரச் சட்னியும் துருவிய காய்களும் போட்டுக் கலந்து தருவார்கள்.

ஆற்றில் குளிக்கலாமா?

பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் படித்துறையில், கம்பி கட்டிய இடத்துக்குள் மட்டும். வேறு எங்கும் இறங்காதீர்கள். கதவணைக்கு மேற்புறம் தண்ணீர் அசையாமல் இருப்பது போலத் தெரியும், ஆழம் பல ஆள் மட்டம். கதவணைக்குக் கீழே முட்டளவு தண்ணீரும் பாறையுமாக இருக்கும், மேலே மதகைத் திறந்தால் நிமிடங்களில் நிலைமை மாறிவிடும். மணல் அள்ளிய குழிகளும் உண்டு. நீச்சல் தெரிந்த இளைஞர்களைத்தான் இந்த ஆறு வருடந்தோறும் கொண்டுபோகிறது. வெள்ள எச்சரிக்கை விட்ட நாளில் கரைக்கே போக வேண்டாம்.

தண்ணீர் சுத்தமாக இருக்குமா?

மேட்டூருக்குக் கீழே முதல் பகுதியில் கண்ணுக்கு நன்றாக இருக்கும். பவானியிலிருந்து ஈரோடு, பள்ளிபாளையம் வரை சாயப்பட்டறை, தோல் ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலப்பது பல காலமாக இருக்கும் துயரம். சாயத்தால் நொய்யல் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காளிங்கராயன் வாய்க்காலையும் கழிவு விடவில்லை. இதை மறைத்து ஆற்றின் அழகை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம். குளித்த துணியைப் படித்துறையில் விட்டுவிட்டு வரும் பழக்கத்தை, பரிகாரம் என்று யார் சொன்னாலும், தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு துறையிலும் துப்புரவுப் பணியாளர்கள் அந்த ஈரத்துணிகளைத்தான் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

ஆவணி முதல் தை வரை. ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயலும் பச்சையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குக் குடை வேண்டும். தையில் கரும்பும் மஞ்சளும் அறுவடைக்கு நிற்கும், கரூர்ச் சாலையில் மஞ்சள் வாசம் அடிக்கும். சித்திரை, வைகாசியில் ஈரோட்டு வெயில் சாதாரணமானதல்ல. அந்த மாதங்களில் காலையில் மேட்டூர்–பவானி மட்டும் போய்விட்டுத் திரும்புவது புத்திசாலித்தனம்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம், ஆனால் பாதியாகக் குறைத்து. பவானியும் கொடுமுடியும் போதும், இரண்டிலும் கோயில் வரை நடக்கும் தூரம் குறைவு. படித்துறைப் படிகள் பாசி பிடித்து வழுக்கும், பெரியவர்களைக் கை பிடித்தே இறக்குங்கள். கழிப்பறைக்குப் பேருந்து நிலையங்களையும் கோயில் கட்டணக் கழிப்பறைகளையும் நம்ப வேண்டியிருக்கும், வழியில் சிற்றூர்களில் கிடைப்பது அரிது. தண்ணீர்ப் பாட்டிலும் கட்டுச்சோறும் கையில் இருந்தால் நல்லது. புளிச்சோறு மதியம் வரை கெடாது.

கரூர் தாண்டியும் ஆற்றோடு போக முடியுமா?

இன்னொரு நாள் இருந்தால் மாயனூர் போங்கள், கரூரிலிருந்து திருச்சிச் சாலையில் 20 கிலோமீட்டர் அளவு. வழியில் பிரிந்தால் திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியில் சேர்வதைப் பார்க்கலாம். மாயனூரில் காவிரிக்குக் குறுக்கே நீளமான கதவணை இருக்கிறது. அதன் மேல் நின்றால் ஆறு அகண்டு தெரியும். பக்கத்தில் மதுக்கரை செல்லாண்டியம்மன் கோயில், சேர சோழ பாண்டிய நாடுகளின் எல்லை கூடிய இடம் என்று வழிவழியாகச் சொல்லும் இடம்.

திரும்பி வருவது எப்படி?

கரூரிலிருந்து ஈரோடு, சேலம், கோவை, திருப்பூர், திண்டுக்கல் எல்லாப் பக்கமும் இரவு வரை வண்டி உண்டு. கோவை வண்டிகள் காங்கேயம், பல்லடம் வழியாகப் போகும். ஈரோட்டுக்குத் தொடர்வண்டியும் இருக்கிறது, கொடுமுடி, ஊஞ்சலூர், பாசூர் நிலையங்கள் வழியாக வரும். ஞாயிறு மாலையில் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் 7 மணிக்குள் கரூர் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். முடிந்தால் சனிக்கிழமையே போங்கள்.